இருட்டிலும் நேரம் தெரியுமா?

கேள்வி: என் மகள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். உயிர்களின் நாள் தாளம் (தினமும் விழிப்பதும் உறங்குவதுமாக மாறி மாறி வரும் ஒழுங்கு) 'எண்டோஜீனஸ்', அதாவது உள்ளிருந்தே எழுவது என்று பாடத்தில் இருக்கிறதாம். சூரியனைப் பார்த்துத்தானே எல்லாம் விழிக்கின்றன? உள்ளிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: நான் விலங்கியல் வகுப்பில் மிகவும் விரும்பி நடத்திய பகுதி இது. 1729-ல் பிரான்சில் டி மேரான் என்ற வானியல் அறிஞர் தொட்டாற்சுருங்கியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமல் பகலில் இலை விரிந்தது, இரவில் மூடியது. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இது போதாதம்மா. வெப்பமோ காற்றின் ஈரமோ வெளியிலிருந்து செடிக்கு நேரம் சொல்லியிருக்கலாமே! டி மேரானே, செடி சூரியனைப் பார்க்காமல் உணர்கிறது என்றுதான் எண்ணினார்.

1832-ல் டி கண்டோல் என்ற சுவிஸ் தாவரவியலாளர் அதே செடியை மாறாத வெளிச்சத்தில் வைத்தார். இலை விரிந்து மூடி மறுபடி விரியும் ஒரு சுற்று 24 மணி நேரம் பிடிக்கவில்லை. 22, 23 மணி நேரத்திலேயே முடிந்தது. இலை விரியும் நேரம் நாளுக்கு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போனது. இதுதான் அசல் சான்று. வெளியே உள்ள ஏதோ ஒன்று நேரம் சொல்லியிருந்தால் சுற்று சரியாக 24 மணியில் நின்றிருக்கும். பிசகுகிறது என்றால் கடிகாரம் செடியினுடையதேதான்.

அப்புறம், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததையும் மகளுக்குச் சொல்லுங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சந்திரசேகரன், மாரிமுத்து ஆகியோர் அடங்கிய குழு 1980-களின் தொடக்கத்தில் மதுரை வட்டாரக் குகைகளில் வௌவால்களைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தது. வேறு வௌவால்களே இல்லாத இருட்டுக் குகையில் வைத்தவற்றின் தாளம் வெளியுலக நேரத்தை விட்டு மெல்ல விலகியது. கூட்டம் சுதந்திரமாகப் பறந்து போய்வரும் குகையில் வைத்தவையோ, வெளிச்சத்தையே காணாமல், அந்தக் கூட்டத்தோடு நேரம் பிசகாமல் ஒத்துப்போயின! தாளம் உள்ளே பிறக்கிறது. அதைத் திருத்திக்கொடுக்க வெயில்தான் வேண்டும் என்பதில்லை, உறவுக்கூட்டமே போதும். நம் மாணவர்கள் டி மேரானை அறிந்த அளவுக்கு இந்த வேலையை அறியாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மனிதருக்கும் இப்படித்தான். நம் உள்சுற்று சராசரியாக 24 மணியைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். காலை வெளிச்சம் அதைத் தினமும் சரிசெய்கிறது.

மகளைத் தேர்வில் 'இருட்டிலும் தொடர்ந்தது' என்று மட்டும் எழுதிவிட்டு வரவேண்டாம் என்று சொல்லுங்கள். '24 மணியிலிருந்து விலகியது' என்பதையும் காரணத்தோடு எழுதட்டும்.