கப்பலேறிய பாத்திரத்துக்கு முன்கதை: கேள்வி பதில்

கதை எழுதும் நண்பர்கள் சிலர், செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன பாத்திரங்களுக்கு நம்பும்படியான முன்கதை அமைப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். காரைக்குடியில் பழைய பேரேடுகளையும் கடிதங்களையும் வாசித்துக்கொண்டிருப்பவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் நாயகன் 1925இல் பள்ளத்தூரிலிருந்து போய் ரங்கூனில் குடியேறுகிறான். ஆராய்ச்சியை எங்கே தொடங்குவது? (மதுரை வாசகி)

'குடியேறுகிறான்' என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். இங்கே அப்போது 'கொண்டுவிக்கப் போயிருக்கார்', அதாவது தொழில் செய்யப் போயிருக்கார் என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை எடுபிடியாகப் போவான், ஊருக்கு வருவான், சில மாதம் இருப்பான், அப்புறம் அடுத்தாளாக, அதாவது உதவியாளாகப் போவான். கெட்டிக்காரன் என்றால் ஒருநாள் கடையை நடத்தும் மேலாள் ஆவான். மனசு முழுக்க ஊரில்தான் இருக்கும். ரங்கூனில் அவனுக்கு இருப்பது ஒரு பெட்டி, ஒரு பாய், மொகல் தெரு வட்டிக்கடையில் உட்கார ஓர் இடம்.

அடுத்து, அவனை அனுப்பியது யார் என்று பாருங்கள். சொந்தக் கடையா, சம்பள ஆளா? சம்பள ஆள் என்றால் சம்பளச்சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதியிருப்பார்கள்; சம்பளத்தில் ஒரு பகுதி அவன் புறப்படுமுன்பே வீட்டுக்கு வந்திருக்கும். அந்தப் பணம் எதற்குப் போனது? அக்காள் கல்யாணக் கடனுக்கா, ஒழுகுகிற வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய வீட்டுக்கட்டைக் கட்டவா? இதற்குப் பதில் எழுதிவிட்டால் அவன் மூன்று வருஷமும் ஏன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தான் என்பது தானாக வந்துவிடும்.

அவன் காரைக்குடி ஸ்டேஷனில் ரயிலேறுவதுபோல் முதல் காட்சி எழுதிவிட்டேன். சரிதானே? (அதே வாசகி)

சரியில்லை. புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு ரயில் வந்தது 1930இல்தான். 1925 என்றால் வண்டி கட்டிக்கொண்டு மானாமதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். ரங்கூன் கப்பல் சென்னையில். மலாயா போகிறவனாக இருந்தால் நாகப்பட்டினத்திலும் ஏறலாம். எல்லாரும் ஆசையாக எழுதுகிற ரஜுலா கப்பல் 1926இல் கட்டியது. உங்கள் நாயகனுக்கு அது கிடையாது.

மனைவியையும் கூட்டிக்கொண்டு போனதாக எழுதலாமா? (கோவை வாசகர்)

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு என்றால், அந்தக் காலத்தில் அது அபூர்வம். ஆச்சி, அதாவது மனைவி, ஊரில்தான். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் 'வேறு வைத்து' விடுவார்கள். ஒரே வளவுக்குள் மாமியாருக்கு ஓர் அடுப்பு, மருமகளுக்கு ஓர் அடுப்பு. புருஷன் மூன்று வருஷம் இல்லாத வீட்டில் வரவு செலவு, நிலம், பிள்ளை படிப்பு எல்லாம் அவள் கையில். அவளைக் கண்ணீரும் கம்பலையுமாகவே எழுதுவது அவளுக்கு நியாயம் செய்வதாகாது.

எங்கள் ஆயாவின் (அம்மாவின் அம்மா) தகரப் பெட்டியில் ஐயாவுக்கு (தாத்தாவுக்கு) எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம் ஒன்று இருந்தது. ஊருணியில் தண்ணீர் எத்தனை படிக்கட்டுக்கு நிற்கிறது, எந்த மாடு கன்று போட்டது, கொத்தனார் கூலியில் எவ்வளவு பாக்கி, இவ்வளவுதான் இருக்கிறது. கடைசி வரியில் தேதியை மட்டும் மூன்று முறை அடித்து எழுதியிருந்தார். அனுப்ப வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. அந்த அடித்தல்களுக்கு மேல் பிரிவை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எந்த ஆவணங்களைப் பார்க்க வேண்டும்? (சென்னை, முதல் நாவல் எழுதுபவர்)

வீட்டில் இருப்பவை முதலில்: கல்யாணத்தின்போது எழுதும் திருமணப் பதிவான இசைகுடிமானம், மொய்ப்பண ஏடு, பேரேடு, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு). பேரேட்டின் தலைப்பில் 'விலாசம்' இருக்கும், அதாவது கடையின் இனிஷியல்கள். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. பாத்திரத்துக்குப் பெயர் வைக்குமுன் விலாசம் வையுங்கள். கூடவே நகரத்தார் பிரிவுகளான ஒன்பது கோயில்களில் அவன் எந்தக் கோயில் என்றும் முடிவு செய்யுங்கள். பொதுவாக ஒரே கோயிலில் பெண் எடுக்க மாட்டார்கள். பையனுக்கு அவன் கோயிலிலேயே பெண் பார்த்த கையெழுத்துப் பிரதியை நான் படித்திருக்கிறேன்.

வெளியே என்றால், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவை சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கின்றன. பழைய பத்திரிகைகளில் செய்தியைவிட விளம்பரங்களை ஊன்றிப் படியுங்கள். எதை வாங்க ஆசைப்பட்டார்கள் என்று அங்கேதான் தெரியும்.

1942இல் நடந்தே திரும்புகிறான். அதை எப்படி எழுதுவது? (திருச்சி வாசகர்)

ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. மார்ச் 8இல் நகரம் ஜப்பானியர் கையில். இடையில் எந்த வாரம் அவன் கிளம்பினான் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். முந்தினவனுக்குக் கப்பல், பிந்தினவனுக்கு அரக்கான் மலைப்பாதை அல்லது எல்லையூரான டாமு வழியாக மணிப்பூர். மழை பிடித்த பிறகு சேறும் காலராவும்.

ஆனால் அவனை வெறும் பாவப்பட்டவனாக மட்டும் காட்டாதீர்கள். 1930இல் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப்பர்மா விளைநிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்கள் பெயரில். அவர்கள் வட்டிக்கடைக்காரர்கள், நிலம் வேண்டும் என்று போகவில்லை, பணம்தான் வேண்டும். ஆனால் உழுதவனுக்கு அது என்ன ஆறுதல்? உங்கள் நாயகன் பத்திரங்களை மடியில் கட்டிக்கொண்டு நடக்கும்போது, அதில் இருக்கும் ஒரு பர்மிய விவசாயியின் பெயராவது அவனுக்கு முகத்தோடு நினைவு வர வேண்டும்.

என் பாத்திரம் செட்டியார் இல்லை. மலாயா போன கூலித் தொழிலாளி. (சிவகங்கை வாசகி)

நல்லது, அந்தக் கதைகள் இன்னும் வர வேண்டும். அவனுக்குச் சம்பளச்சீட்டு இல்லை. ஆள் சேர்த்து அழைத்துப்போகும் கங்காணி உண்டு, கப்பலுக்குக் காத்திருக்கும் நாகப்பட்டினம் டிப்போ உண்டு, கித்தா (ரப்பர்) தோட்டம் உண்டு. 1938இல் இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அவனைக் கங்காணியோடு கப்பலேற்றாதீர்கள்.

பேச்சுவழக்கில் தவறு வராமல் இருக்க? (ஈரோடு வாசகர்)

நகரத்தார் வீட்டில் அப்பச்சி என்றால் அப்பா. உங்கள் பக்கம் அது தாத்தா. அம்மா ஆத்தா, அம்மாவின் அம்மா ஆயா, அப்பாவின் அம்மா அப்பத்தா. இந்த நாலையும் சரியாக வைத்தாலே பாதிக் கவலை தீரும்.

1964இல் பர்மாவிலிருந்து வரும் பெண். அங்கேயே பிறந்தவள். (காரைக்குடி, கல்லூரி மாணவி)

நகரத்தார் பெண்ணாக இருப்பது அபூர்வம். கடை வைத்திருந்த, அல்லது துறைமுகத்தில் உழைத்த வேறு குடும்பம் என்று வையுங்கள். அந்த வருஷம் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். நகையைக்கூட முழுசாகக் கொண்டுவர விடவில்லை. நம் ஊர் பர்மா காலனியில் பெரியவர்கள் இருக்கிறார்கள்; அனுமதி கேட்டு, உட்கார்ந்து, பொறுமையாகக் கேளுங்கள்.

முதல் பதிலில் எடுக்கச் சொன்ன சொல் இவளுக்குப் பொருந்தும். இவள்தான் இங்கே குடியேறியவள். இந்த ஊரில் முதல் நாள் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டபோது வாயில் எந்த மொழி முதலில் வந்தது என்பதை முடிவு செய்துகொண்டு எழுதத் தொடங்குங்கள்.