அன், இன், டிஸ், நான்: எதிர்மறை முன்னொட்டுகள், கேள்வி பதில்

ஆங்கிலச் சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டு அதன் பொருளை மாற்றும் துண்டுகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள், இப்போது மெய்ப்பு பார்ப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இலக்கணத்தின் மற்ற பகுதிகளை இன்னொரு நாள் பார்க்கலாம்.

பிளஸ் டூ மாணவி, தஞ்சாவூர்: டீச்சர், 'ஹேப்பி' என்றால் 'அன்ஹேப்பி'. ஆனால் 'பாசிபிள்' என்றால் 'இம்பாசிபிள்', 'லீகல்' என்றால் 'இல்லீகல்', 'ரெகுலர்' என்றால் 'இர்ரெகுலர்'. எதற்கு எது வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல இடத்தில் தொடங்கினாய் அம்மா. இம், இல், இர் மூன்றும் வேறு வேறு இல்லை. லத்தீனிலிருந்து வந்த 'இன்' என்ற ஒரே துண்டுதான், அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப மாறிக்கொள்கிறது. 'இன்பாசிபிள்' என்று வேகமாகச் சொல்லிப் பார், உதடு தானாக மூடி 'இம்' ஆகிவிடும். 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் 'மரங்கள்' ஆகிறதே, அதே வேலைதான் அங்கேயும் நடக்கிறது.

'அன்' ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. அதனால் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் 'அன்', லத்தீன் வழியாக வந்த சொல்லுக்குப் பெரும்பாலும் 'இன்'. ஒரே பொருளுள்ள சொற்களை இணையாக வைத்துப் பார்த்தால் புரியும்: 'அன்லாஃபுல்' - 'இல்லீகல்', 'அன்ரீடபிள்' - 'இல்லெஜிபிள்', 'அன்பிலீவபிள்' - 'இன்கிரெடிபிள்'.

'பெரும்பாலும்' என்று நான் சொல்வதைக் கவனி. சில சொற்களில் பெயரடையில் 'அன்' இருக்கும், அதன் பெயர்ச்சொல்லில் 'இன்' வந்து நிற்கும். 'அனேபிள்' ஆனால் 'இனெபிலிட்டி'. 'அன்ஸ்டேபிள்' ஆனால் 'இன்ஸ்டெபிலிட்டி'. 'அன்ஈக்வல்' ஆனால் 'இன்ஈக்வாலிட்டி'. 'அன்ஜஸ்ட்' ஆனால் 'இன்ஜஸ்டிஸ்'. தேர்வில் மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான். இந்த நான்கு ஜோடிகளையும் எழுதி வைத்துக்கொள்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: எல்லா முன்னொட்டுச் சொற்களும் உள்ள பட்டியல் இருந்தால் கொடுங்கள் மேடம்.

பதில்: பட்டியல் வேண்டாம் தம்பி. படிக்கும்போது கண்ணில் படும் சொல்லை அதன் எதிர்ச்சொல்லோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அதுதான் மனத்தில் நிற்கும்.

டேங்கர் லாரி ஓட்டுநர், எண்ணூர்: எங்கள் வண்டியின் பின்னால் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருக்கிறது. புதிதாக வந்த கிளீனர் பையன், "இன் போட்டால் எதிர்ப்பதம்தானே அண்ணே, அப்படியானால் தீப்பிடிக்காது" என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

பதில்: அவனை இன்றைக்கே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்: 'இன்ஃபிளேமபிள்' என்றாலும் தீப்பிடிக்கும், 'ஃபிளேமபிள்' என்றாலும் தீப்பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே பொருள். தீப்பிடிக்காததற்குச் சொல் 'நான்ஃபிளேமபிள்'.

லத்தீனில் 'இன்' இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை' என்பது. இன்னொன்று 'உள்ளே', 'மேலே' என்பது. 'இன்ஃபிளேமபிள்' இரண்டாவது வகை. தீ மூட்டுவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. உடம்பில் ஒரு இடம் சிவந்து எரிந்தால் டாக்டர் 'இன்ஃபிளமேஷன்' என்கிறாரே, அதுவும் இதே குடும்பம்தான். 'இன்கம்', 'இன்க்ரீஸ்', 'இம்போர்ட்', 'இல்லுமினேட்', 'இர்ரிகேட்' எதிலும் மறுப்பு கிடையாது. 'இன்' என்று தொடங்கினாலே எதிர்ப்பதம் என்று வெட்டிப் பார்க்காதீர்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

வேதியியல் ஆசிரியர், கோவை: மேடம், மன்னிக்கவும். 'இன்ஃபிளேமபிள்' சரியான சொல், பழைய சொல். ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்கிறார் என்பதற்காக ஏன் மாற்ற வேண்டும்? அவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாதா?

பதில்: சொல் சரிதான் சார், அதில் நமக்குள் சண்டையே இல்லை. கட்டுரையிலும் பாடப்புத்தகத்திலும் தாராளமாக எழுதுங்கள். ஆனால் எச்சரிக்கைப் பலகை யாருக்காக? பாடம் படித்தவருக்காக மட்டும் இல்லை. இந்தக் குழப்பத்தால் ஆள் சாகக்கூடாது என்றுதான் அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கமான நேஷனல் ஃபயர் புரொடெக்‌ஷன் அசோசியேஷன் 1920களிலேயே 'ஃபிளேமபிள்' என்று எழுதச் சொல்லி வலியுறுத்தியது. எரியும் திரவங்களுக்கான மூன்றாம் வகுப்பு அபாயச் சின்னத்திலும் இன்று 'ஃபிளேமபிள் லிக்விட்' என்றுதான் இருக்கிறது.

வேதியியல் ஆசிரியர், கோவை: அப்படியே விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் மொழியில் நுட்பம் எதுவும் மிஞ்சாது.

பதில்: நுட்பம் போகிறதே என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு. மெய்ப்பு பார்க்கும்போது அதற்காகத்தான் ஒவ்வொரு வரியாக மல்லுக்கட்டுகிறேன். ஆனால் தின்னர் டின்னைத் திறக்கப்போகும் பெயின்டருக்கு லத்தீன் தெரிய வேண்டும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். அந்த இடத்தில் நுட்பத்தைவிட உயிர் பெரியது. இதில் நான் மாறப்போவதில்லை சார்.

டேங்கர் லாரி ஓட்டுநர், எண்ணூர்: பையனிடம் சொல்லிவிட்டேன் டீச்சர். பக்கவாட்டில் 'எளிதில் தீப்பற்றும்' என்று தமிழில் சிவப்பு எழுத்தில் எழுதலாம் என்று ஓனரிடம் கேட்கப்போகிறேன்.

பதில்: கட்டாயம் கேளுங்கள். இங்கே வந்ததிலேயே உருப்படியான யோசனை இதுதான்.

தொழிற்சங்க ஊழியர், திருப்பூர்: 'அன்ஆர்கனைஸ்டு', 'டிஸ்ஆர்கனைஸ்டு' இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றில்லை. உங்கள் துறையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அமைப்புசாரா தொழிலாளர்களுக்கான 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது 'அன்ஆர்கனைஸ்டு'. அமைப்புக்குள் வராதவர்கள் என்பது மட்டும்தான் அதன் பொருள். அங்கே 'டிஸ்ஆர்கனைஸ்டு' என்று போட்டால், ஒழுங்கில்லாதவர்கள், தாறுமாறாக இருப்பவர்கள் என்று வசவாகிவிடும். கட்டட வேலை செய்யும் அம்மாவை அப்படிச் சொல்ல நமக்கு வாய் வருமா?

'அன்' பெரும்பாலும் ஒன்று இல்லாத நிலையைச் சொல்லும். 'டிஸ்' வந்தால் இருந்தது கலைந்தது, விலகியது, மறுக்கப்பட்டது என்ற வாடை கூடவே வரும். 'அன்யூஸ்டு' என்றால் பயன்படுத்தாதது. 'டிஸ்யூஸ்டு' என்றால் ஒருகாலத்தில் பயன்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. தூர்ந்துபோன ஊர்க் கிணற்றுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். 'மிஸ்யூஸ்டு' என்றால் தவறாகப் பயன்படுத்தியது.

இதே வரிசையில் அதிகமாகத் தப்பாகும் ஜோடி 'அன்இன்ட்ரஸ்டட்', 'டிஸ்இன்ட்ரஸ்டட்'. முதலாவது ஆர்வமில்லாதவர். இரண்டாவது தன்னலம் கலக்காதவர், நடுநிலையானவர். நீதிபதி 'டிஸ்இன்ட்ரஸ்டட்' ஆக இருக்க வேண்டும், 'அன்இன்ட்ரஸ்டட்' ஆக இருந்தால் வழக்கு கெட்டது. இன்று பலர் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான்.

இல்லத்தரசி, நாகர்கோவில்: அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கல்லீரலுக்கு நேராக 'அன்ரிமார்க்கபிள்' என்று போட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது மேடம்.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. தனியாகக் குறித்துச் சொல்லும்படி அங்கே எதுவும் தென்படவில்லை, வழக்கம்போல் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். மருத்துவ அறிக்கையில் இது நல்ல சொல். மற்ற வரிகளையும் சேர்த்து டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குத் தணிக்கையிலும் இப்படி ஒன்று உண்டு. ஆடிட்டர் 'அன்குவாலிஃபைடு ஒப்பீனியன்' கொடுத்தார் என்றால் அவருக்குத் தகுதியில்லை என்று அர்த்தமில்லை. எந்த ஆட்சேபமும் நிபந்தனையும் வைக்காமல் கணக்கை ஏற்றுக்கொண்டார் என்று பொருள்.

பெயர் வேண்டாம் என்றவர்: பிரிஃபிக்ஸ் பட்டியல் கிடைக்குமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கல்லூரி மாணவர், திருச்சி: 'நான்' எப்போது போடுவது? 'நான்வெஜ்' மாதிரி எல்லாவற்றுக்கும் போடலாமா?

பதில்: கிட்டத்தட்ட எதற்கும் போடலாம், ஆனால் பொருள் மாறும். 'நான்' வெறுமனே வகை பிரிக்கும், மற்றவை தீர்ப்பு சொல்லும். 'நான்ஹ்யூமன்' என்றால் மனித இனம் அல்லாதது, ஒரு பசுவைக்கூடச் சொல்லலாம். 'இன்ஹ்யூமன்' என்றால் மனிதத்தன்மையற்ற கொடுமை. 'நான்புரொஃபெஷனல்' தொழில்முறையாகச் செய்யாதவர். 'அன்புரொஃபெஷனல்' தொழில் ஒழுக்கம் தவறியவர். விண்ணப்பத்தில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

காந்தி நடத்திய இயக்கங்களின் ஆங்கிலப் பெயர்களைப் பாருங்கள். 1920இல் 'நான்கோஆப்பரேஷன்', ஒத்துழையாமை. சேராமல் விலகி நிற்பது அது. 1930இல் 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்', சட்டமறுப்பு. உப்புச் சட்டத்தை மீறுவேன் என்று கிளம்பிப்போய் மீறுவது. முன்னொட்டிலேயே போராட்டம் ஒரு படி ஏறியது தெரிகிறது, இல்லையா?

அழைப்பிதழ் அச்சிடுபவர், சிவகாசி: 'இன்ஃபேமஸ்' என்றால் 'அவ்வளவு பிரபலமில்லாத' என்பதுதானே?

பதில்: இல்லவே இல்லை. கெட்ட பெயரெடுத்தவர் என்று பொருள். அழைப்பிதழில் சிறப்பு விருந்தினருக்கு முன்னால் அந்தச் சொல் வந்தால் தயவுசெய்து அச்சை நிறுத்திவிட்டு, கொடுத்தவரிடம் கேளுங்கள். 'இன்வேல்யுவபிள்' என்பதும் மதிப்பில்லாதது இல்லை. மதிப்பிடவே முடியாத அளவுக்கு உயர்ந்தது.

தமிழ் ஆர்வலர், மதுரை: 'அநீதி', 'அநியாயம்', 'அசுத்தம்' ஆகியவற்றில் வரும் 'அ', ஆங்கில 'அன்' இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. தமிழிலிருந்து போனதா?

பதில்: உறவு உண்மை, வழி வேறு. அந்த 'அ' சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. அதுவும், ஆங்கில 'அன்', லத்தீன் 'இன்', கிரேக்க 'அ' ஆகியவையும் ஒரே மூல மொழியில் பிறந்த உடன்பிறப்புகள். உயிரெழுத்துக்கு முன் 'அன்' ஆவதும் அங்கிருந்துதான், 'அநேகம்' போல. தமிழின் சொந்த மறுப்பு முன்னால் ஒட்டுவதில்லை, வினையின் நடுவே உட்காரும். 'தீண்டு' என்பதோடு 'ஆ', 'மை' சேர்ந்து 'தீண்டாமை'. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்த அதே கொடுமைக்கு ஆங்கிலத்தில் 'அன்டச்சபிலிட்டி' என்று மறுப்பு தலையிலேயே நிற்கிறது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இன்னொருவர்: மேடம், 'இன்' வந்தால் எப்போதும் எதிர்ப்பதம்தானே? ஒரு பட்டியல்...

பதில்: இல்லை. டேங்கர் ஓட்டுநருக்குச் சொன்ன பதிலை முழுதாகப் படியுங்கள். 'யுனானிமஸ்' என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எழுத்தில் 'அன்' போலத் தொடங்குவதால் சிலர் ஏமாறுகிறார்கள். அந்தத் தொடக்கம் 'ஒன்று' என்ற பொருளுள்ள லத்தீன் சொல், முழுச் சொல்லுக்கு 'ஒருமனதான' என்று பொருள்.

நர்சிங் மாணவி, வேலூர்: ஒரே எழுத்துக்கூட்டில் 'இன்வலிட்' என்றும் 'இன்வாலிட்' என்றும் கேட்கிறேன். எது சரி?

பதில்: இரண்டும் சரி, இடம்தான் வேறு. முதல் அசையை அழுத்தி 'இன்வலிட்' என்றால் நோயால் முடங்கியவர். நடு அசையை அழுத்தி 'இன்வாலிட்' என்றால் செல்லாதது. டிக்கெட்டும் பாஸ்வேர்டும் இரண்டாவது வகை. நோயாளியைக் குறிக்க முதலாவதை நீங்கள் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. இன்று அது மனதைப் புண்படுத்தும் சொல்லாகிவிட்டது.