காகத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 64. கும்பகோணம் அருகே ஒரு கிராமத்தில் வயலும் மாடுமாக வாழ்ந்தவள். கணவர் காலமான பிறகு, சென்ற ஆவணியில் சென்னை நங்கநல்லூரில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாவது மாடி, முழங்கால் வலியால் அடிக்கடி இறங்கி ஏற முடிவதில்லை. ஊரில் கொல்லைக் கதவைத் திறந்தால் மடையானும் செம்போத்தும் கண்ணில் படும். இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏ.சி. பெட்டியும் அதன்மேல் புறாவும்தான். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேரனைக் கூப்பிட்டுக் காட்டினால், "காக்காயைப் போய் என்ன பாக்கறது அப்பாயி" என்று கைப்பேசிக்குத் திரும்பிவிடுகிறான். காடு, சரணாலயம் என்று போக இயலாதவர்களுக்கு நகரத்தில் பார்க்க ஏதாவது உண்டா? காக்கைக்கும் புறாவுக்கும் சோறு வைக்க வேண்டாம் என்கிறாள் மருமகள். அது சரியா?
— ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: அம்மா, உங்கள் பேரன் அலுத்துக்கொள்ளும் அந்தக் காகத்திலிருந்தே தொடங்கலாம். இந்தப் பங்குனி மாதத்தில் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பதற்குக் காகத்தைவிடச் சுவையான பறவை சென்னையில் வேறு இல்லை என்பது என் எண்ணம். தரையில் நிற்பவர்கள் மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். உங்களுக்கோ தெருவிலுள்ள வேம்பும் புங்கமும் கண்ணுக்கு நேராக நிற்கின்றன. முழங்கால் வலியோடு அடைந்து கிடப்பதாக நீங்கள் வருந்தும் இடம், பறவை பார்ப்பவர்கள் ஆசைப்படும் இடம்.

முதலில் இரண்டு காகங்களையும் பேரனுக்குப் பிரித்துக் காட்டுங்கள். கழுத்தும் மார்பும் சாம்பல் பூத்தாற்போல இருப்பது வீட்டுக்காகம். உடல் முழுதும் கறுத்து, அலகு தடித்து, குரல் கனத்து வருவது அண்டங்காக்கை. உங்களுக்கு இது பிறந்தது முதல் தெரிந்த செய்தி. நகரத்தில் வளரும் பிள்ளைகளில் பலருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அடுத்து, அலகில் சுள்ளியைக் கவ்விக்கொண்டு பறக்கும் காகம் எந்த மரத்துக்குப் போகிறது என்று இருவருமாகக் கவனியுங்கள். கோடை தொடங்கும் இந்த நாள்களில் அவை கூடு கட்டத் தொடங்குகின்றன. சுள்ளி அரிதாகிவிட்ட நகரத்தில் கட்டடவேலை நடக்கும் இடத்துக் கட்டுக்கம்பியையும் மின்கம்பித் துண்டுகளையும் எடுத்துப்போய், அவற்றை வளைத்துப் பின்னி உறுதியான கூடு கட்டிவிடுகின்றன. ஒரு கம்பித்துண்டை மொட்டைமாடிக் கொடியிலிருந்து பிடுங்க ஒரு காகம் படும் பாட்டை, அலகை மாற்றி மாற்றிப் பிடித்து, காலால் அழுத்தி, தலையைச் சாய்த்து யோசித்து மறுபடி இழுப்பதை ஒருமுறை முழுமையாகப் பார்த்த சிறுவன், மறுநாள் தானாகவே ஜன்னலுக்கு வருவான்.

கூடு தெரிந்துவிட்டால், குயில் தெரிந்துவிடும். விடியலுக்கு முன்பே கூவித் தெருவை எழுப்புவது ஆண் குயில். மின்னும் கருமையும் சிவந்த கண்ணும் உடையது. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளும் வரிகளுமாக இருப்பதால், அதை வேறு ஏதோ பறவை என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இனிய கூவலும் அதற்கு இல்லை. "கிக் கிக்" என்று பதறுவதுபோல ஓர் ஒலி மட்டுமே. ஆண் குயில் கூட்டருகே வந்து காகத்தைச் சீண்டித் துரத்தவைக்க, அந்த இடைவெளியில் பெண் குயில் கூட்டுக்குள் புகுந்து முட்டையிடுவதை நம் நாட்டில் பலர் கண்டு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணம் உங்களுக்கு வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம். ஆனால் காகம் குயிலைத் தெரு நீளத்துக்கும் விரட்டிப் போவதையும், ஆனி, ஆடி மாதங்களில் தன்னைப்போல் இல்லாத ஒரு குஞ்சு வாயைப் பிளந்து கத்தக் கத்த அதற்கு இரை ஊட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கப் பெரிய அதிர்ஷ்டம் தேவையில்லை. ஒரே ஜன்னலில், ஒரே வேளையில், தொடர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். காலை ஆறிலிருந்து ஏழு மணிக்குள் ஒரு பொழுதும், வெயில் தாழ்ந்த பிறகு ஒரு பொழுதும் போதும்.

கண்ணுக்கு முன்னால் காதைப் பழக்குங்கள். செம்புப் பாத்திரத்தைச் சுத்தியலால் தட்டுவதுபோல "டுக், டுக், டுக்" என்று ஓயாமல் ஓர் ஒலி வெயில் நேரத்தில் கேட்டால், அருகில் ஆலோ அரசோ பழுத்திருக்கிறதா என்று பாருங்கள். செம்மார்புக் குக்குறுவான் அங்கே இருக்கும். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய, இலைப்பச்சை நிறப் பறவை அது. நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு இருந்தாலும் இலைகளுக்கு நடுவே எளிதில் அகப்படாது; பட்டுப்போன கிளையின் நுனியில் வந்து அமரும்போதுதான் பிடிபடும். அந்தப் பட்ட கிளையில்தான் அது பொந்து குடைந்து முட்டையிடுகிறது. பட்ட கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளுகிற நம் குடியிருப்போர் சங்கங்கள், ஆள்மேல் விழும் ஆபத்து இல்லாத இடத்திலாவது ஒன்றிரண்டை விட்டுவைத்தால் நல்லது.

வெண்மார்பு மீன்கொத்தியைத் தேடிக் குளத்துக்குப் போக வேண்டியதில்லை. பல்லி, ஓணான் குட்டி, வெட்டுக்கிளி எல்லாவற்றையும் தின்னும் பறவை ஆதலால், தண்ணீரே இல்லாத தெருவில் கேபிள் கம்பிமேலும் அது உட்கார்ந்திருக்கும். ஊரில் உங்கள் வாய்க்கால் கரையில் இருந்த அதே பறவைதான். தேன்சிட்டு, தையல்சிட்டு, கரிச்சான், செம்பருந்து ஆகியவற்றை நீங்களே கண்டு சொல்லிவிடுவீர்கள். நான் பட்டியலிட்டுப் பக்கத்தை நிரப்பப் போவதில்லை.

ஆனால் பால்கனித் தொட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒரு கறிவேப்பிலைச் செடி வையுங்கள். எலுமிச்சைக் கன்று கிடைத்தால் அதுவும் நன்று. கொழுந்து விட்ட சில வாரங்களில், கறுப்பும் வெளிர்மஞ்சளும் கலந்த வண்ணத்துப்பூச்சி ஒன்று செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, இளம் இலையில் வயிற்று நுனியை ஒரு கணம் தொட்டுவிட்டுப் போகும். எலுமிச்சை அழகி என்பது அதன் பெயர். தொட்ட இடத்தில் கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் முட்டை ஒன்று இருக்கும். அதிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் போலத் தோன்றும். பறவையும் அப்படியே நினைத்து விட்டுவிடும். வளர்ந்தபின் தோலுரித்து இலைப்பச்சையாகிவிடும். அப்போது பேரனை ஒரு குச்சியால் மெல்லத் தொடச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல இரண்டு மென்கொம்புகள் வெளியே நீண்டு, நெடியான ஒரு வாடை வீசும். எதிரியை விரட்ட அது வைத்திருக்கும் வழி அது. பிறகு தன்னைச் சுற்றி ஒரு நூலிழையை இடுப்புக்கயிறாகப் போட்டுக்கொண்டு கூட்டுப்புழுவாகும். ஒன்றிரண்டு வாரங்களில், பெரும்பாலும் காலை நேரத்தில், கசங்கிய சிறகுகளோடு பூச்சி வெளிவந்து, தொங்கியபடியே சிறகுகளை விரித்து உலர்த்தும். இரசத்துக்கு இலை குறைகிறது என்று மருமகள் மருந்து அடிக்கப் போனால், செடி மறுபடி துளிர்த்துவிடும் என்று சொல்லித் தடுத்துவிடுங்கள். மருந்தடித்த இலையைச் சமையலில் போடுவது யாருக்கும் நல்லதில்லை என்ற வாதமும் உங்கள் கையில் இருக்கிறது.

சோறு வைக்கும் விஷயத்தில், புறாவைப் பொறுத்தவரை மருமகள் பக்கம்தான் நான். காகத்துக்கு அன்றாடம் ஒரு பிடி வைப்பது காலங்காலமான வழக்கம். வைத்ததை அவை உடனே தின்றுவிடும் அளவுக்கு வைத்தால் குற்றமில்லை. மாடப்புறா வேறு கதை. தானியம் இறைத்தால் ஏ.சி. பெட்டி இடுக்குகளில் அவை பெருகிக்கொண்டே போகும். அவற்றின் எச்சம் காய்ந்து தூசியாகும்போது, அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரல் அழற்சி வருகிறது என்பதை மருத்துவர்கள் நன்கறிந்திருக்கிறார்கள். அதற்குப் பதில் அகலமான மண்தட்டில் தண்ணீர் வையுங்கள். கோடையில் தானியத்தைவிடத் தண்ணீர்தான் பறவைகளுக்குத் தேவை. கொசு முட்டையிடாமல் இருக்கத் தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள்.

இரவையும் விட்டுவிடாதீர்கள். தெருவில் வாதுமை மரம் இருக்குமானால், காலையில் அதன் அடியிலோ மொட்டைமாடியிலோ தோல் கடித்துக் குதறிய வாதங்காய்கள் கிடக்கும். பழந்தின்னி வௌவால்கள் வந்துபோனதற்கு அதுவே சாட்சி. கீழே இறங்க முடியாத உங்களுக்காக அதைப் பொறுக்கி வரும் வேலையைப் பேரனுக்குக் கொடுங்கள். கையைக் கழுவச் சொல்லிவிடுங்கள். மகன் காரில் அழைத்துப்போகும் நாள் ஒன்று வாய்த்தால், பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஊடறுத்துப் போகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற நீர்நிலை அது. குளிர்காலக் காலையில் கூழைக்கடாவையும் நீலத்தாழைக்கோழியையும் அங்கே காரில் இருந்தபடியே பார்த்துவிடலாம்.

பார்த்ததை எழுதி வையுங்கள். தினசரி நாட்காட்டியில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் போதும்: முதல் குயில் கூவிய நாள், வேம்பு பூத்த நாள், கூடு கலைந்த நாள். மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் மறையும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காகத்தையும் அணிலையும் பல்லியையும் பற்றி எழுதியவர் அவர்.

ஐப்பசி வரும்போது அந்தத் தாள்களில் புதுப்பெயர்கள் சேரும். வடக்கேயிருந்து மாங்குயிலும் ஆறுமணிக் குருவியும் வருவது அந்தப் பருவத்தில்தான். நெடும்பயணத்தில் களைத்த ஆறுமணிக் குருவி, நகரத்தில் கண்ணாடியில் மோதியோ வழிதவறியோ வீட்டுக்குள் விழுவதுண்டு. அப்படி விழுந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத்துளை இட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சந்தடியின்றிச் சில மணிநேரம் வைத்து, தெளிந்தபின் மரமுள்ள இடத்தில் பெட்டியைத் திறந்துவிடச் சொல்லுங்கள். தெளியாவிட்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். எந்தக் காட்டுப் பறவையையும் கூண்டில் வைத்துக்கொள்ள வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. நம் நாட்டுப் பச்சைக்கிளிக்கும் இது பொருந்தும் என்பதைப் பேரன் கிளி கேட்பதற்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது.

கைப்பேசியை அவனிடமிருந்து பிடுங்க வேண்டாம். தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இருக்கும் இடத்திலேயே பதினைந்து நிமிடமாவது கவனித்து, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் செயலியில் பதிந்தால் போதும். உங்கள் பால்கனியே அதற்கு ஏற்ற இடம். பறவையைக் கண்டு பெயர் சொல்வது நீங்களாக இருங்கள்; செயலியில் பதியும் வேலையை அவனிடம் கொடுங்கள். அதற்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அதற்குள் வீட்டுக்காகத்தையும் அண்டங்காக்கையையும் தனித்தனியே எண்ண அவன் பழகிவிடுவான்.