கான்ட்ராக்ட் கேட்டால் பெர்மனென்ட் நீட்டும் ஏஜென்ட்

தம்பி, மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை, நீங்கள் அவருடைய துணையாக டிபென்டென்ட் விசாவில் இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து மூன்று மாதம், சென்னையில் ஒன்பது வருட ஜாவா அனுபவம். கான்ட்ராக்ட்தான் வேண்டும் என்று சொன்ன பிறகும் கூப்பிடுகிற வேலைவாய்ப்பு ஏஜென்ட் எல்லாம் "அருமையான பெர்மனென்ட் ஒன்று இருக்கிறது" என்று ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் "புதிதாக வந்தவர்களுக்குக் கான்ட்ராக்ட் கிடைக்காது" என்றே அடித்துச் சொல்லிவிட்டார். இது உண்மையா, ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் கலந்துதான் இருக்கிறது.

முதலில் காசுக் கணக்கு. 60,000 பவுண்ட் சம்பளத்துக்கு ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால், கம்பெனி ஏஜென்சிக்கு 20 சதவீதம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இன்வாய்ஸில் 12,000 பவுண்ட். அதே ஏஜென்ட் உங்களை நாளுக்கு 400 பவுண்டுக்குக் கான்ட்ராக்டில் அனுப்பி, கம்பெனியிடம் 450 வாங்கினால், ஆறு மாதம் 120 நாள் ஓடி முடிந்த பிறகுதான் அவர்களுக்கு 6,000 சேரும். நடுவில் கம்பெனி உங்களை நிறுத்திவிட்டால் அதுவும் இல்லை. ஆக, அவருக்குக் காசு கொடுப்பவர் கம்பெனிக்காரர், நீங்கள் சரக்கு. கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் இது புரிந்துவிட்டால் அவர் பேசும் பாதிப் பேச்சுக்கு அர்த்தம் தானாக விளங்கும்.

இன்னொன்று, பெரும்பாலான ஏஜென்சிகளில் பெர்மனென்ட் பார்க்கிறவர்களும் கான்ட்ராக்ட் பார்க்கிறவர்களும் தனித்தனி ஆட்கள். உங்களைக் கூப்பிடுகிறவர் பெர்மனென்ட் பக்கம் உட்கார்ந்திருப்பவராக இருந்தால், அவரிடம் கான்ட்ராக்ட் கேட்பது ஜவுளிக்கடையில் போய்த் துவரம்பருப்பு கேட்பது மாதிரி. "உங்கள் ஆபீசில் கான்ட்ராக்ட் பார்ப்பவர் யார், அவரிடம் கொடுங்கள்" என்று கேளுங்கள். இழுத்தடித்தால் வைத்துவிடலாம்.

என் கதை ஒன்று. நான் 2006இல் ஹெச்எஸ்எம்பி என்ற, திறமைசாலிகளுக்கான விசாவில் ரெடிங் வந்தவன். 2009இல் வேலைச் சந்தை படுத்துக்கிடந்த நேரம், ஓர் ஏஜென்ட் "ஆறு மாதக் கான்ட்ராக்ட், ஸ்விண்டனில் நேர்காணல்" என்றார். கோட்டு போட்டுக்கொண்டு ரயிலேறிப் போனேன். உட்கார்ந்த உடனே மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "ஐந்து வருடம் கழித்து எங்கள் கம்பெனியில் எந்த இடத்தில் இருக்க ஆசைப்படுகிறீர்கள்?" கான்ட்ராக்ட்காரனிடம் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். மேஜையில் என் சிவி கிடந்தது. மேலே ஏஜென்சியின் லோகோ. என் போன் நம்பரும் ஈமெயிலும் காணோம். அவற்றின் இடத்தில் நான் எழுதாத வரி ஒன்று: "நிரந்தரப் பணியை நாடுகிறார்." அந்த மேனேஜர் நல்ல மனிதர். இருவரும் விஷயத்தைப் புரிந்துகொண்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் பிரிந்தோம். ரயில் காசு என் தலையில். ஏஜென்டைக் கூப்பிட்டால், "நேரில் பார்த்தால் உங்களுக்கே பிடித்துப்போகும் என்று நினைத்தேன்" என்கிறார்!

அன்றிலிருந்து, வேலை கான்ட்ராக்டா, எத்தனை மாதம், நாளுக்கு எவ்வளவு, ஐஆர்35க்கு (கான்ட்ராக்ட்காரரையும் ஊழியர் மாதிரி வரி கட்டவைக்கும் விதி) உள்ளேயா வெளியேயா, கம்பெனி பெயர் என்ன, இத்தனையும் ஈமெயிலில் வராமல் சிவி அனுப்ப நான் சம்மதிப்பதில்லை. கம்பெனி பெயர் கட்டாயம் வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு ஏஜென்ட் உங்கள் சிவியை அனுப்பிவிட்டால், கமிஷன் சண்டை எதற்கு என்று கம்பெனி உங்களையே ஒதுக்கிவிடும்.

அப்புறம், போனிலேயே "ரெஃபரன்ஸுக்கு உங்கள் பழைய மேனேஜர் பெயர் சொல்லுங்கள்", "வேறெங்கே நேர்காணல் போகிறீர்கள்" என்பார்கள். சொல்லாதீர்கள். அந்த மேனேஜருக்கு அன்று மாலையே ஏஜென்டின் விற்பனை அழைப்பு போகும். வேலை உறுதியான பிறகு ரெஃபரன்ஸ் தருகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். யாராவது வேலை வாங்கித்தரப் பணம் கேட்டால் பேச்சையே முடித்துவிடுங்கள். வேலை தேடுகிறவரிடம் அதற்குக் கட்டணம் வாங்க 1973ஆம் வருடச் சட்டமே இங்கே தடை போட்டிருக்கிறது.

விசா விஷயம். உங்கள் மனைவி மாதிரி ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் இருப்பவர் முக்கிய வேலையை விசாவுக்குப் பொறுப்பேற்ற ஸ்பான்சர் கம்பெனியில்தான் பார்க்க வேண்டும், கான்ட்ராக்டுக்குப் போக முடியாது. டிபென்டென்டுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் பெயரைப் பார்த்ததும் ஸ்பான்சர் தேவைப்படும் ஆள் என்று ஏஜென்ட் முடிவு கட்டிவிடுவார். சிவியின் தலையிலேயே "ஸ்பான்சர்ஷிப் தேவையில்லை" என்று போடுங்கள். இந்த ஒரு வரிக்கே அழைப்புகளின் தரம் மாறும்.

சரி, "புதியவர்களுக்குக் கிடைக்காது" என்ற பேச்சு? அதில் உண்மை கொஞ்சம் உண்டு. கான்ட்ராக்டில் எடுப்பவர்கள் திங்கட்கிழமை வந்து செவ்வாய்க்கிழமை வேலையைக் காட்டும் ஆளைத் தேடுகிறார்கள். உள்ளூர்க் கம்பெனி ஒன்றின் பெயர்கூட சிவியில் இல்லாவிட்டால் தயங்குவார்கள். சென்னையில் இருந்தபடி இங்கிலாந்து வங்கிக்கோ சில்லறை வணிகக் கம்பெனிக்கோ வேலை செய்திருந்தால் அதை மேலே கொண்டுவாருங்கள்.

காசிலும் நிதானம் வேண்டும். 2021 ஏப்ரலுக்குப் பிறகு, ஐஆர்35 முடிவை எடுக்கும் பொறுப்பு நடுத்தர, பெரிய தனியார் கம்பெனிகள் மேல் விழுந்தது. வம்பே வேண்டாம் என்று நிறையக் கம்பெனிகள், சொந்த லிமிடெட் கம்பெனி வைத்து வேலை செய்யும் கான்ட்ராக்ட்காரர்களை எடுப்பதை நிறுத்திவிட்டன. பெரும்பாலும் உங்களுக்கு வருவது அம்ப்ரெல்லா வழிதான், அதாவது நடுவில் ஒரு கம்பெனி உங்களை ஊழியராக வைத்துச் சம்பளம் போடும் முறை. அதில் 400 பவுண்ட் என்றால் 400 சம்பளம் என்று அர்த்தமில்லை. முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் (2025 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம்) அந்த 400இல்தான் கழியும். வருடம் 220 நாள் வேலை செய்தால் 88,000. அதில் உங்கள் சம்பளம் என்று நிற்பது சுமார் 75,000. விடுமுறைச் சம்பளமும் அதற்குள்ளேதான். இரண்டு மாதம் வேலையில்லாமல் உட்கார்ந்தால் 62,000 பக்கம் வந்துவிடும். வருமான வரி இதற்குப் பிறகு. எதிரே 65,000 பெர்மனென்ட், சம்பளத்தோடு லீவு, முதலாளி போடும் பென்ஷன் என்று வந்தால் உடனே உதறிவிடாதீர்கள்.

நானாக இருந்தால் முதல் ஒரு வருடம் நல்ல பெர்மனென்ட் கிடைத்தால் எடுப்பேன். உள்ளூர்ப் பெயர் ஒன்று சிவியில் ஏறட்டும். ஆனால் நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்றால் ஒரு மாதமாகக் குறைக்கக் கேட்பேன். பிறகு கான்ட்ராக்ட் தேடும்போது, மூன்று மாதம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

புதன்கிழமை திரும்பக் கூப்பிடுவதாக ஓர் ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அவரிடம் கம்பெனி பெயரையும் நோட்டீஸ் காலத்தையும் முதலில் கேளுங்கள். அவர் அனுப்பப்போகும் சிவியின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். மேலே லோகோவுக்குக் கீழே என்ன வரி சேர்த்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.