லாயத்தில் இரண்டு சேவல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தெரிந்தவர் ஒருவர், தன் வீட்டில் குஞ்சு பொரித்து வளர்த்த இரண்டு சேவல்களைக் கறிக்குக் கொடுக்க மனம் வராமல் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். ஒரே அடையில் பொரித்தவை, ஐந்து மாதமாகிறது. எனக்குக் குதிரைகளோடு பழக்கம் உண்டு, கோழி வளர்த்ததே இல்லை. தனிக்கூடு கட்டாமல் இரண்டையும் குதிரை லாயத்திலேயே விட்டுவிடலாமா? குதிரை மிதித்துக் கொன்றுவிடுமோ என்பதுதான் என் பயம். சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக் கொன்றுவிடும் என்றும் சொல்கிறார்கள். அவர் கொடுத்த அரை மூட்டை குஞ்சுத் தீவனத்தை இப்போதைக்குக் குதிரைத் தீவனத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் மனம் பதைத்துவிட்டது. அந்த அரை மூட்டையை இன்றே லாயத்தை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள்.

குஞ்சுத் தீவனத்தில் ரத்தக் கழிச்சல் வராமலிருக்க மருந்து கலப்பது வழக்கம். அந்த மருந்துகளில் மோனென்சின், சாலினோமைசின், லாசலோசிட் ஆகியவை கோழியைக் காக்கும், குதிரையைக் கொன்றுவிடும். கோழியைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் மோனென்சின் வேண்டும். குதிரைக்கு 2, 3 மில்லிகிராமே போதும். இதயத் தசை சிதைந்துபோகும். தீவனத்தை வெறுப்பது, வியர்த்துக் கொட்டுவது, வயிற்று வலி, பின்னங்கால் தள்ளாடுவது என்று அறிகுறிகள் தெரியும்போது நஞ்சை முறிக்க மருந்து எதுவும் கையில் இருக்காது. பிழைத்த குதிரைக்கும் இதயம் பழுதுபட்டே இருக்கக்கூடும். குதிரை மிதித்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். எனக்கோ குதிரை அந்த மூட்டைக்குள் வாயை விட்டுவிடக் கூடாதே என்ற பயம்.

ஐந்து மாதச் சேவலுக்குக் குஞ்சுத் தீவனம் தேவையும் இல்லை. மருந்து கலக்காத வளர்தீவனம் வாங்குங்கள். மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள். முட்டைக்கோழித் தீவனமும் வேண்டாம். அதில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். முட்டையே இடாத சேவலுக்கு 1 சதவீதம் போதும், மிச்சம் சிறுநீரகத்துக்குச் சுமை. வாங்கிய தீவனத்தை இறுக மூடும் தகர டிரம்மில், குதிரை திறக்க முடியாத அறையில் வையுங்கள். அள்ளும் கிண்ணமும் வாளியும் தனியாக இருக்கட்டும். சேவல்கள் தின்னும் இடம் குதிரையின் வாய் எட்டாத இடமாக இருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்துவிட்டால், லாயம் சேவல்களுக்கு அருமையான இடம். நாளெல்லாம் லத்தியைக் கிளறி ஈப்புழுக்களைத் தேடித் தின்னும். குதிரை சிந்திய தானியத்தையும் பொறுக்கும், அதனால் எலித்தொல்லையும் சற்றுக் குறையலாம்.

அவை எங்கே அடையும் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். விட்டுவிட்டால் இருப்பதிலேயே உயரமான உத்திரத்தில் ஏறிக்கொள்ளும். கீழே தண்ணீர்த் தொட்டியும் உலர்புல்லும் இருந்தால் எச்சம் முழுவதும் அவற்றில்தான் விழும். எச்சத்தின் வழியாக, குடலைத் தாக்கும் சால்மொனெல்லா கிருமி குதிரைக்குப் போகக்கூடும். லாயத்தின் ஒரு மூலையைக் கம்பிவலையால் அடைத்து, உள்ளே நான்கைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டையைக் குறுக்கே வைத்து, முதல் இரண்டு மூன்று வாரம் அங்கேயே பூட்டி வையுங்கள். பிறகு பகலில் திறந்துவிட்டாலும் பொழுது சாயும்போது தாமாகவே அங்கே வந்து அடைந்துவிடும். இரவில் கதவைச் சாத்த மறக்காதீர்கள். பகலில் கண்ணில் படாத கோழிச் செள் இருட்டியபின் கட்டையின் விரிசல்களிலிருந்து கிளம்பிவந்து ரத்தம் குடிக்கும், குதிரையையும் கடிக்கும். அவ்வப்போது இரவில் விளக்கோடு போய்க் கட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

அப்படிப் போகும்போது சேவல்களின் கால்விரல்களையும் பாருங்கள். உலர்புல் கட்டுகளைக் கட்டிவரும் பிளாஸ்டிக் கயிறு இழை இழையாகப் பிரிந்து தரையில் கிடக்கும். கிளறுகிற காலில் ஓர் இழை சுற்றிக்கொண்டால், அடுத்தடுத்த கிளறலில் இறுகிக்கொண்டே போகும். இரண்டொரு நாளில் தோல் வீங்கி இழையை மூடிவிடும், நொண்டுவதைப் பார்த்துத் தூக்கும்போது விரல் கறுத்திருக்கும். புல்கட்டைப் பிரிக்கிற கையோடு கயிற்றைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளப் பழகுங்கள்.

குதிரைகள் பெரும்பாலும் சேவலுக்குப் பழகிவிடும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அங்கே திடீரென்று இறக்கையடித்தால் மிரளும். முதலில் வலைக்கு அப்பாலிருந்தே பார்த்துப் பழகட்டும். லாடம் அடிக்கும்போதும், குதிரையைக் கட்டிவைத்துத் தேய்க்கும்போதும் சேவல்களை அடைத்துவிடுங்கள், அருகில் நிற்பவரின் பத்திரத்துக்காக.

சண்டையைப் பற்றி: ஒன்றாக வளர்ந்த சேவல்கள், பெட்டைக்கோழி இல்லாத இடத்தில் பெரும்பாலும் சமாதானமாகவே இருக்கும். எது பெரியது என்று தீர்மானமாகும்வரை கொஞ்சம் முட்டிக்கொள்ளும். தோற்றது ஓடி ஒளிய மறைவிடமும், இரண்டாவது தீனித்தட்டும் இருந்தால் போதும். பெட்டைக்கோழி வாங்கும் ஆசை வந்தால் அதை அடக்கிக்கொள்ளுங்கள், சண்டை அங்கேதான் தொடங்கும். எது பெரியது என்று அறிய விடியலில் காது கொடுங்கள். சேவல் கூவுவது அதன் உடலுக்குள்ளிருக்கும் கடிகாரத்தால்தான் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். கூட்டத்தில் மூத்த இடத்திலிருப்பதே முதலில் கூவும், மற்றவை அதன் வரிசைப்படி தொடரும் என்று 2015இல் கண்டார்கள். அறையை இருட்டாக்கினாலும் கூவலை நிறுத்த முடியாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

குளிர்காலம் வந்தால் வெப்ப விளக்கு தொங்கவிடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். கேட்காதீர்கள். உலர்புல்லும் தூசும் நிறைந்த லாயத்தில் ஒரு விளக்கு அறுந்து விழுந்தால் குதிரையும் மிஞ்சாது, சேவலும் மிஞ்சாது. வளர்ந்த சேவலின் இறகே அதற்குப் போர்வை. காற்று நேராக அடிக்காமலும், ஈரமும் லத்தியின் நெடியும் தேங்காமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்