சோலார் வந்தால் வேலை வருமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கமுதிக்குப் பக்கம். சோலாருக்கு நிலம் கேட்டு புரோக்கர்கள் வருகிறார்கள். "கோடிக்கணக்கில் முதலீடு, உங்க பசங்களுக்குத்தான் வேலை" என்கிறார்கள். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். நான் ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன். நம்பலாமா?

(ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்)

அன்புள்ள தம்பிக்கு,

வேலை வரும். எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள்.

2016-ல் உங்கள் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர், 4,550 கோடி ரூபாய். எட்டு மாதத்தில் முடிக்க எட்டாயிரம் பேருக்கு மேல் உழைத்ததாகச் செய்திகள் வந்தன. கட்டி முடித்த பிறகு? சோலார் பலகையைத் துடைக்கக்கூட இயந்திரம்தான். சூரிய மின்சாரத்தில் போடுகிற பணத்தில் பெரும்பங்கு பலகைக்கும் கருவிகளுக்கும் போய்விடும், கூலிக்கு அல்ல. கடைசியில் நிற்பது காவல், புல்வெட்டு, கொஞ்சம் எலக்ட்ரீசியன் வேலை. அதுவும் பெரும்பாலும் கான்ட்ராக்டில்.

உங்களுக்கு அதில் ஓர் இடம் கிடைக்கலாம். எனக்கு உங்கள் அப்பா அம்மாவை நினைத்துத்தான் கவலை. கட்டையை அடுக்கி, செத்தை போட்டு மூடி, மண் பூசி, தீ வைத்த பிறகு வெள்ளைப் புகை எப்போது நீலமாகும் என்று ராப்பகலாகக் காத்துக் கிடக்கிற வேலை அது. அவர்கள் விறகு வெட்டுகிற நிலத்துக்குக் காகிதத்தில் தரிசு என்று பெயர். சோலாருக்கு வேலி போட்டதும் பட்டாக்காரருக்குப் பணம் வரும். விறகு வெட்டினவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன்.

மாதாமாதம் சம்பளம் தருவது பலகை செய்கிற இடம். திருநெல்வேலி கங்கைகொண்டானில் சோலார் செல் தொழிற்சாலை ஓடுகிறது, வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காற்றாலையும் பரவாயில்லை. கியர்பாக்ஸ், இறக்கை என்று சுற்றுகிற பாகம் நிறைய, அதனால் வருஷம் முழுக்க பராமரிப்புக்கு ஆள் வேண்டும். கயத்தாறு, ஆரல்வாய்மொழி பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம், அடுத்த கிராமசபையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கட்டி முடித்த பிறகு எத்தனை பேருக்கு வேலை? சம்பளமும் பி.எஃப்.பும் கம்பெனி தருமா, கான்ட்ராக்டர் தருவாரா? மூட்டம் போடுகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு? பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.