பயண நினைவுகள் படிப்புக்குத் தடையா?

கேள்வி: நான் பள்ளி இறுதியாண்டு மாணவி. சென்ற விடுமுறையில் குடும்பத்துடன் முதன்முறையாக வெளிநாடு சென்று வந்தேன். திரும்பி வந்து பல வாரங்கள் ஆகியும் மனம் இன்னும் அங்கேயே இருக்கிறது. மாலையில் வரலாற்றுக் கட்டுரையை எழுத உட்காருவேன். ஏதாவது ஓர் ஆண்டைச் சரிபார்க்கக் கைப்பேசியை எடுத்தால், அடுத்த நிமிடமே பயணப் படங்களில் மூழ்கிவிடுகிறேன். நிமிர்ந்து பார்க்கும்போது ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். கட்டுரையில் தலைப்பும் முதல் பத்தியும் மட்டுமே இருக்கின்றன. ஒப்படைக்க வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. படங்களை எல்லாம் அழித்துவிடு என்கிறார் அம்மா. அழித்துவிட்டால் சரியாகிவிடுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

படங்களை அழிக்க வேண்டாம். அழித்தாலும் நீங்கள் எதிர்பார்க்கும் பலன் கிடைக்காது என்றே நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் என் கவனத்தை ஈர்த்தது பயணத்தைப் பற்றிய வரிகளல்ல. கட்டுரையில் தலைப்பும் முதல் பத்தியும் மட்டுமே இருக்கின்றன என்ற வரிதான். முதல் பத்தியில் பெரும்பாலும் தெரிந்ததையே எழுதுகிறோம். இரண்டாம் பத்தியில்தான் காரணங்களை வரிசைப்படுத்தவும், எது முக்கியம் என்று முடிவு செய்யவும், அந்த முடிவுக்கு ஆதாரம் காட்டவும் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் ஏற்படும் தயக்கமும், சரியாக எழுத வராதோ என்ற அச்சமும் உள்ளே ஒரு சங்கடத்தை உண்டாக்குகின்றன. அந்தச் சங்கடத்திலிருந்து உடனே விடுபட, கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும் இனிமையான பொருள் உங்கள் பயணப் படங்கள். அவை இல்லாவிட்டால் கை வேறொன்றைத் தேடிப் போகும்.

உளவியலாளர்கள் ஃபியூஷா சிரோயிஸும் டிமோத்தி பிச்சிலும் 2013-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. வேலையைத் தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் மட்டும் வருவதன்று என்றும், அந்தக் கணத்தின் மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் முயற்சியாகவே அது பெரும்பாலும் நிகழ்கிறது என்றும் அவர்கள் வாதிடுகிறார்கள். ஆகவே உங்களைச் சோம்பேறி என்று நீங்களே முடிவுகட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு மாலையும் கட்டுரையின் முன் வந்து உட்காருகிறவர் சோம்பேறியாக இருக்க முடியாது.

உங்கள் கட்டுரை நியாயமற்ற ஒரு போட்டியில் சிக்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டெரன்ஸ் மிட்செல், லீ தாம்சன் முதலிய ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பியச் சுற்றுலா, கலிபோர்னியாவில் மூன்று வார மிதிவண்டிப் பயணம் போன்ற விடுமுறைகளுக்குச் சென்றவர்களிடம் பயணத்திற்கு முன்பும், பயணத்தின்போதும், திரும்பி வந்த பின்பும் கேள்விகள் கேட்டார்கள். பயணத்தின்போது அவர்கள் பதிவு செய்த அனுபவத்தைக் காட்டிலும், பின்னர் அவர்கள் நினைவுகூர்ந்த அனுபவம் இனிமை கூடியதாக இருந்தது. நடுவில் நேர்ந்த ஏமாற்றங்களும் எரிச்சல்களும் நினைவில் மங்கிவிட்டிருந்தன. உங்கள் பயணத்தையும் சற்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். விமான நிலையத்தில் பெட்டிக்காகக் கால்கடுக்க நின்ற நேரமும், நேர வேறுபாட்டால் நள்ளிரவில் கொட்டக்கொட்ட விழித்திருந்த இரவும், எங்கே முதலில் போவது என்று வீட்டாருக்குள் நடந்த சிறு சச்சரவும் அதில் இருந்திருக்கலாம். அவற்றை யாரும் படம் எடுத்து வைப்பதில்லை. பயணத்தைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் நிறைவடைந்து, கசப்பெல்லாம் வடிந்துபோன ஒரு நினைவோடு, இன்னும் பாதிகூட எழுதப்படாத ஒரு கட்டுரையை ஒப்பிட்டால், எந்தக் கட்டுரையும் அலுப்பூட்டுவதாகத்தான் தோன்றும்.

இன்னொன்றும் எனக்கு வருத்தம் தருகிறது. எழுத வேண்டிய நேரத்தில் குற்ற உணர்வோடு பார்க்கும்போது, அந்தப் படங்களையும் நீங்கள் முழுமையாக அனுபவிப்பதில்லை. கட்டுரையும் நகர்வதில்லை, நினைவும் இனிப்பதில்லை. நல்ல அனுபவம் ஒன்றை மீண்டும் நினைத்து மகிழ்வது மனத்துக்கு நலம் தருவது. அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அன்றைய எழுத்து வேலை முடிந்த பிறகு, முடிந்தால் அம்மாவையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, ஓரிரண்டு படங்களை எடுத்து, அப்போது என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். விரலால் வெறுமனே தள்ளிக்கொண்டே போகும் நூறு படங்களைவிட, இப்படி எழுதி வைத்த இரண்டு படங்கள் நெடுநாள் உங்களுடன் இருக்கும்.

இனி கட்டுரைக்கு வருவோம். 'நாளை எப்படியும் உட்கார்ந்து எழுதிவிட வேண்டும்' என்ற உறுதி மட்டும் போதாது. பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவை எப்படிக் கழித்தார்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்கப்பட்டது. எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்து வைத்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் குறித்த காலத்துக்குள் எழுதி முடித்தார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். விடுமுறைக் கொண்டாட்டத்தின் நடுவில் செய்ய வேண்டியிருந்த எழுத்து வேலை என்பதால், உங்கள் நிலைமைக்கு இது மிகவும் பொருந்துகிறது.

எனவே உங்கள் தீர்மானம் இவ்வளவு துல்லியமாக இருக்கட்டும்: 'நாளை மாலை ஆறு மணிக்கு, என் மேசையில், இரண்டாம் பத்தியின் முதல் மூன்று வாக்கியங்களை எழுதுவேன்.' மூன்று வாக்கியங்கள் போதும், அவை அழகாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிடுங்கள். ஓர் ஆண்டோ பெயரோ சந்தேகமாக இருந்தால், அந்த இடத்தில் கோடு ஒன்றை இழுத்து, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, மேற்கொண்டு எழுதிச் செல்லுங்கள். எழுத்து முடிந்த பிறகு, கேள்விக்குறிகளை எல்லாம் ஒரே மூச்சில் சரிபார்த்துக்கொள்ளலாம். உங்களை ஒவ்வொரு மாலையும் படங்களுக்குள் இழுத்துச் சென்ற வாசல் அந்த 'ஓர் ஆண்டைச் சரிபார்ப்பது'தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை அடைப்பது படங்களை அழிப்பதைவிட எளிது.

வீணான மாலைகளை நினைத்து மருகவும் வேண்டாம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் வோல் முதலியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வின்போது குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று தெரியவந்தது. தன்னைத் திட்டிக்கொள்வதால் சங்கடம்தான் கூடுகிறது; சங்கடம் கூடினால் கை மறுபடியும் கைப்பேசிக்குப் போகும்.

அம்மாவிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லி, எழுதும் நேரத்தில் கைப்பேசியை அவரிடமே கொடுத்து வையுங்கள். அவருடைய கவலை படங்களைப் பற்றியதன்று என்பதால், இதற்கு நிச்சயம் ஒப்புக்கொள்வார். மூன்று வாக்கியங்களும் வரவில்லை என்றால், பாடத்தில் ஏதோ ஒன்று உங்களுக்குப் பிடிபடவில்லை என்றே அதற்குப் பொருள். அப்போது எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்பதை ஒரு கேள்வியாக எழுதிக்கொண்டு, மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் சென்று கேட்டுவிடுங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு முதல் நாள் கேட்டால், அவரால் உங்களுக்கு அதிகம் உதவ முடியாமல் போகலாம்.